ஊசி இறங்கிய முகூர்த்தம்

வாய்க்கால் ரோடா பைபாஸா என்கிற சண்டை அன்றைக்கும் சரியாக மில் மேட்டில்தான் ஆரம்பித்தது.

“பைபாஸ்ல போனா எட்டு நிமிஷம்,” என்றான் சென்னியப்பன், வேனின் வேகத்தைக் குறைத்து.

“வாய்க்கா ரோட்ல பத்து நிமிஷம். ஆனா நெழலு,” என்றாள் நிறைமதி.

“அவசரம்னு கூப்புட்டிருக்காங்க. நெழலு பாக்கற நேரமா இது?”

“உங்க பைபாஸ்ல போன வாரம் லாரிக்குப் பின்னால இருவது நிமிஷம் நின்னமே மாமா, மறந்து போச்சா?”

“அது போன வாரம்.”

“நெழலு எல்லா வாரமும் இருக்குது.”

வேன் வாய்க்கால் ரோட்டில் திரும்பியது. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக அது அங்கேதான் திரும்புகிறது. அப்புறம் எதற்குத் தினமும் ஒரு சண்டை என்று யாராவது கேட்டால், இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு கேட்டவரிடம் சண்டைக்குப் போவார்கள்.

நிறைமதி கோபிப் பக்கத்து மூன்று கல்யாண மையங்களுக்கு ஊசி மெஷின் மெக்கானிக். தொழிலைக் கற்றுக்கொடுத்தவன் சென்னியப்பன்தான். முதலில் அவன்தான் அந்த மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான மறு வருஷமே எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டு, “எனக்கு அதுகளைக் கண்டாலே ஆகல புள்ள,” என்று சொல்லி மோட்டார் கடை போட்டுக்கொண்டான். கடையில் கூட்டமில்லாத நாளில் வேனை எடுத்துக்கொண்டு அவளோடு வருவான். வந்தாலும் மெஷின் பக்கம் போக மாட்டான்.

“ஆறுச்சாமி அண்ணன் என்ன சொன்னாரு?” என்று கேட்டான்.

“ஊசி எறங்கிப் போச்சாம். மூணாவது வருஷத்துலயே படுத்துக்கிச்சாம். பூஜ்யம் புள்ளி எட்டு.”

சென்னியப்பன் கியரை மாற்றினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, “பேசாம பூட்டிடு,” என்றான்.

நிறைமதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டுவது, அதாவது ஊசி இறங்காதபடி ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது, அவர்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியம். அதைச் செய்யக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே இவன்தான். “நீங்களா இப்புடிச் சொல்றீங்க?” என்று கேட்டாள். அவன் ஹாரனை அடித்தான். எதிரில் ஒரு கோழிகூட இல்லை.

இந்த ஊசி சமாச்சாரத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணம் பேசியதும் பெண்ணும் பிள்ளையும் இரண்டு வாரம் கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள், எதில் விட்டுக்கொடுப்பார்கள், எதில் ஒற்றைக் காலில் நிற்பார்கள் எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். பிறகு அந்த இரண்டு பேருடைய நகலையும் ஒரு கம்ப்யூட்டருக்குள் குடித்தனம் வைத்து, நாற்பது வருஷ வாழ்க்கையை நான்கு மணி நேரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஆறு நிமிஷம். ஆரம்ப காலத்தில் உள்ளே நடப்பதையெல்லாம் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நகல் மருமகள் பன்னிரண்டாம் வருஷத்தில் சொல்லப்போகிற வார்த்தைக்கு நிஜ மாமியார் மண்டபத்திலேயே எழுந்து நின்று பதில் சொன்னாள். கைகலப்பு வரைக்கும் போனது. அப்புறம்தான் சட்டம் வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும், மெக்கானிக்கூட, பார்க்கக்கூடாது. கடைசியில் ஒரு சீட்டு வரும். ‘தடையில்லை’ என்றோ, ‘ஆலோசனை தேவை’ என்றோ அதில் இருக்கும். அவ்வளவுதான்.

நம் ஜனங்கள் அதோடு விடுவார்களா? திரையில் மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு. ஓடுகிற வருஷத்தின் எண் ஒன்று. கம்ப்யூட்டரின் வேகத்தைக் காட்டுகிற ஊசி இன்னொன்று. ஊசி மெக்கானிக்கின் வசதிக்காக வைத்தது. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் போனதால் எல்லோரும் அதையே பார்த்தார்கள். ஊசி ஐந்தைத் தொட்டால் நல்ல சம்பந்தம், ஜோராகப் போகும். இறங்கினால் தடங்கல். பத்தே வருஷத்தில் அது ‘ஊசிபார்ப்பு’ என்று ஒரு சடங்காகிவிட்டது. பத்திரிகையில் பெயருக்குக் கீழே ஊசி எண்ணை அச்சடித்தார்கள். சட்டம் போட்டு மனுஷர்களின் கண்ணைக் கட்டினால் அவர்கள் எதையாவது தடவிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். சத்தமே இல்லை. மேடைக்கு மேலே பெரிய திரையில் ‘வருஷம் 14’ என்ற எழுத்தும், அதன் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்திருந்த ஊசியும் தெரிந்தன. காப்பித் தட்டு நின்ற இடத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது.

மையத்துக்காரர் ஆறுச்சாமி வாசலுக்கே ஓடி வந்தார். “வா அம்மிணி, வா. மாப்ள வீட்டுக்காரர் எந்திரிச்சுப் போறேங்கறாரு. கையைப் புடிச்சு உக்கார வெச்சிருக்கறேன்.”

மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து முன் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசிபார்ப்பு வந்த புதிதில் ஆசைக்கு ஓட்டிப் பார்த்துக்கொண்ட பழைய தம்பதிகளில் அவரும் ஒருவர். அவருக்கும் அவர் மனைவி பாப்பாத்திக்கும் ஐந்து புள்ளி ஒன்று. வீட்டு வாசலில் நிலைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்.

“இங்க பாரு அம்மிணி,” என்றார் நிறைமதியிடம். “நான் கெட்டவனில்ல. புள்ளயும் நல்ல புள்ளதான். ஆனா கண்ணால பாத்துக்கிட்டே எப்புடி ஒரு பையனைக் கெணத்துல தள்றது? ஓட்டம் முடியறதுக்குள்ள ஊசி ஏறோணும். ஏறலைன்னா வெத்தலை பாக்கு மாத்தறதில்ல. அவ்வளவுதான்.”

மீதி இருபத்தாறு வருஷம். அதாவது இரண்டரை மணி நேரம்.

மெஷின் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தது. கதவைத் திறந்ததும் நிறைமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் அது. அதற்கு அரக்குப் பட்டுப்புடவை சுற்றி, நான்கு முழம் மல்லிகைச் சரம் சாத்தி, காற்றுப் போகிற துளைகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் சந்தனம் அப்பியிருந்தார்கள்.

“யாரு பண்ணுனது?”

பெண்ணின் சித்தி கதவோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நாந்தானுங்க. முந்நூறு பேரு கண்ணும் அது மேலதான படும்? கண்ணேறு பட்டிரக்கூடாதுன்னு என்ற மொகூர்த்தப் பொடவையைப் போத்தி வெச்சனுங்க. என்னாலதான் எறங்கிப் போச்சுங்களா?”

ஆறுச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். “அதான் காரணம். மூச்சு முட்டிருச்சு.”

“இருங்கண்ணா, பாத்தறலாம்,” என்றாள் நிறைமதி. “நாம நினைக்கற மாதிரி அது முட்டாள் மெஷின் இல்ல. தனக்கு ஆகாதுன்னா தானாவே வேகத்தைக் கொறைச்சுக்கும். சூடு ஏறுனா கொறைச்சுக்கும், இல்லைன்னா உள்ள வெந்துரும். கரண்டு பத்தலைன்னாலும் கொறைச்சுக்கும். மொதல்ல சூட்டைப் பாக்கலாம்.”

அளவுமானியைச் செருகினாள். நாற்பத்து மூன்று டிகிரி. இன்னொரு தடவை செருகினாள். அதே நாற்பத்து மூன்று. புடவையை உருவி, சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். ஊசி அசையவே இல்லை.

“அக்கா, நீங்க அழுகாதீங்க,” என்றாள் சித்தியிடம். “இத்தனை போத்தியும் கதகதப்புகூட ஆகல. உங்க பொடவை மேல தப்பில்ல.”

சொல்லிவிட்டாளே தவிர, அது அவள் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இவ்வளவு போர்த்தி வைத்திருந்தால் தொண்ணூறு டிகிரி காட்ட வேண்டும். ஏன் காட்டவில்லை?

அடுத்தது கரண்ட். சென்னியப்பன் மீட்டரோடு சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தான். ஆறு கிரைண்டரும் ஓடுகின்றன, ஆனாலும் லைன் சுத்தமாக இருக்கிறது என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று வேன் பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தான். அப்போதும் ஊசி படுத்தபடியே கிடந்தது. வருஷம் இருபதானது.

“வேற எதுக்குமே கொறைச்சுக்காதா?” என்று கேட்டார் ஆறுச்சாமி.

“வேலை இல்லைன்னாலும் கொறைச்சுக்கும். வீட்டுல யாரும் தொடாத கம்ப்யூட்டர் அப்புடித்தான் தூங்கிக்கிட்டு கெடக்குது. சும்மா எதுக்கு ஓடோணும்? ஆனா இங்க அது இல்லீங்கண்ணா. நாப்பது வருஷக் குடித்தனத்தைக் கணக்குப் போட்டுக்கிட்டிருக்குது, வேலை எப்புடி இல்லாமப் போகும்?”

ஆறுச்சாமி கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அம்மிணி, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத. பூட்டுன்னு ஒண்ணு இருக்குதில்ல? அதை அமுக்கினா ஊசி அஞ்சுல நிக்குமாமே. அமுக்கிடு. ஒரு கல்யாணம் நடந்துரும். யாருக்கு என்ன நட்டம்?”

“நிக்குங்கண்ணா. காலி பஸ்ஸை ஆக்சிலேட்டரை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நிறுத்தி வெக்கற மாதிரி. சத்தம்தான் வரும், பஸ்ஸு நகராது.”

“சத்தம்தானே வேணும் இவங்களுக்கு.”

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். நிறைமதிக்கு அவளுடைய அக்கா ஞாபகம் வந்தாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மண்டபம். அக்கா அமுதவல்லியின் ஊசி பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அந்தப் பிள்ளை மட்டும் பஸ் ஜன்னலிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இப்போது அவர் ஓசூரில் தனியாக இருக்கிறார். அக்கா சத்தியமங்கலத்தில் கணக்கு டீச்சர், அவளும் தனிதான். நன்றாகச் சிரிப்பாள், எல்லோர் வீட்டு விசேஷத்துக்கும் மொய் அனுப்புவாள். ஊசிபார்ப்புக்கு மட்டும் வர மாட்டாள்.

“ஒரு பத்து நிமிஷம் குடுங்கண்ணா. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்,” என்று நிறைமதி பந்திக் கூடத்துக்குப் போனாள்.

பந்தி இன்னும் ஆரம்பிக்கவில்லை. நூறு இலை போடுகிற கூடத்தில் மூலையில் இரண்டு இலை மட்டும் விரிந்திருந்தது. பெண்ணும் பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே முந்நூறு பேர் தங்களுக்காகப் பட்டினி கிடப்பதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. பெண் நன்முகை, பிள்ளை பரணிதரன். இரண்டு பேருக்கும் பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் வேலை.

நன்முகை வெட்கப்பட்டாள். “காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க. சமையல்கார அண்ணன் பாவம்னு கூப்புட்டுப் போட்டாரு.”

“சாப்புடுங்க சாப்புடுங்க,” என்று நிறைமதி தண்ணீர் சொம்பைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவர்கள் பேசிக்கொண்டது அடுத்த மாட்டு முகாம் எங்கே, அவன் வீட்டில் புதிதாகக் கட்டப்போகிற மாட்டுக் கொட்டாய் எப்போது முடியும் என்பதைப் பற்றி. கை மட்டும் அதன் பாட்டுக்கு வேறு காரியம் பார்த்தது. அவள் இலையிலிருந்த கத்தரிக்காய் அவன் இலைக்குப் போயிற்று. அவன் அப்பளத்தைப் பாதியாக உடைத்துப் பெரிய துண்டை அவள் பக்கம் வைத்தான். சமையல்காரர் ரசத்தைத் தூக்கிக்கொண்டு வர, அவன் இலையில் சாதம் சரியக் கிடந்ததைப் பேச்சை நிறுத்தாமலேயே அவள் குழித்துவிட்டாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

நிறைமதி சொம்பைக் கீழே வைத்தாள். நாற்பத்து மூன்று டிகிரி ஏன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உங்களைப் பாத்து ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றாள். “கத்திரிக்காயை எடுத்துக்கச் சொல்லி நீங்க சொன்னீங்களா?”

“இல்லீங்க,” என்றாள் நன்முகை, விஷயம் புரியாமல். “இவருக்குத் தெரியும்.”

“இவ ஒரு தடவை மொகத்தைச் சுளிச்சதைப் பாத்தனுங்க,” என்றான் பரணிதரன். “ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஆபீஸ்ல.”

நிறைமதி சிரித்தாள். அவர்களுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். “கையைக் கழுவிட்டு ரெண்டு பேரும் மேடைக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

மேடையில் மைக் இருந்தது. பாட்டுக் கச்சேரிக்காரர் மைக். நிறைமதி அதற்கு முன்னால் மைக்கில் பேசியதே இல்லை. திரையில் ‘வருஷம் 27’ என்று இருந்தது. சென்னியப்பன் ஓரத்துத் தூணில் சாய்ந்து நின்று அவளையே பார்த்தான்.

“மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லீங்க,” என்று ஆரம்பித்தாள். “சூடு இல்ல. கரண்டு பத்தாம இல்ல. அதுக்குச் சோலி இல்ல. அதான் தூங்குது.”

நாச்சிமுத்து எழுந்தார். “நாப்பது வருஷக் கணக்கு போடற மெஷினுக்குச் சோலி இல்லைங்கறயா?”

“கணக்கு எதுக்குப் போடோணும், சொல்லுங்க பாக்கலாம். ரெண்டு பேரும் ஒண்ணையே நெனச்சா ஒரே வழிதான். மெஷினு ஒரு அடி வெச்சுட்டுப் படுத்துக்கும். ஒருத்தர் கெழக்க, ஒருத்தர் மேக்க இழுத்தாத்தான், இவரு கோவிச்சா அவிங்க என்ன பண்ணுவாங்க, அவிங்க கோவிச்சா இவரு எங்க போவாருன்னு நாலு வழி, எட்டு வழி, பதினாறு வழியாப் பிரிச்சுப் பிரிச்சு ஓடோணும். அப்பத்தான் ஊசி ஏறும். ஒரு வருஷத்துக்கு ஆறு நிமிஷம்தான் குடுத்திருக்குதில்ல, அதுக்குள்ள முடிக்கோணுமே.”

மண்டபம் இதை மென்று விழுங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. கல்யாணமானவர்கள் ஒவ்வொருவராகத் தத்தம் எண்ணை ஞாபகப்படுத்திக்கொள்வது முகத்திலேயே தெரிந்தது. ஆறுச்சாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அவர் மையத்துச் சுவரில் மாட்டியிருந்த ஊசி எண்களெல்லாம் ஐந்துக்கு மேல்.

நன்முகை மெதுவாகக் கேட்டாள். “அக்கா, சோலியே இல்லைன்னா, எங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு ஆகாதுங்களா?”

நல்ல கேள்வி. நிறைமதிக்கும் ஒரு கணம் அந்தப் பயம் வந்துதான் போயிருந்தது. “ஒண்ணும் இல்லாதவங்க கத்திரிக்காயைக் கவனிக்க மாட்டாங்க,” என்றாள். “நான் இப்பத்தான பாத்துட்டு வர்றேன்.”

“இதெல்லாம் பேச்சு,” என்றார் நாச்சிமுத்து. “எங்களுது அஞ்சு புள்ளி ஒண்ணு. அப்ப நாங்க என்ன, சண்டைக்காரங்களா?”

“ஏனுங்க மாமா,” என்றாள் நிறைமதி, “வீட்டுக்குப் பின்னால புதுசா மாட்டுக் கொட்டாய் கட்டறீங்களாமா? எந்தப் பக்கம்?”

“கெழக்க,” என்றார் நாச்சிமுத்து.

“கெழக்கயா?” என்றாள் பக்கத்திலிருந்த பாப்பாத்தி. “காத்து அடிச்சா நாத்தம் பூராவும் சமையக்கட்டுக்கு வரும். மேக்கதான்னு போன மாசமே முடிவு பண்ணியாச்சு.”

“யாரு முடிவு பண்ணுனது?”

“நான்தான்.”

“மேக்க கெணத்து மேடு. மாடு எப்புடி நிக்கும், மேட்டுல?”

“உங்கம்மா காலத்துல நிக்கலயா?”

“அம்மாவை எதுக்கு இழுக்கற இப்ப?”

யாரோ பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அதோடு போயிற்று. முந்நூறு பேரும் சிரித்தார்கள். பாப்பாத்தியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “முப்பது வருஷமா நாம கத்துன கத்தலுக்கு அந்த மெஷினு அஞ்சுல ஓடுனதே கம்மிங்க,” என்றாள் கணவனிடம். “பாவம், அதுக்கு எத்தனை வேர்த்துதோ.”

நாச்சிமுத்து பல்லைக் கடித்தார். ஆனால் மீசைக்குக் கீழே உதடு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஊசி எழுந்தது. வருஷம் இருபத்தொன்பது. ஒன்று, இரண்டு, மூன்று. பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் கை தட்டிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

“ஐயோ, ஏறுதே,” என்றாள் சித்தி.

“டேய் பரணி, என்னடா பண்ணுன அந்தப் புள்ளய?” என்று நாச்சிமுத்து மகனைப் பார்த்து உறுமினார். இன்னும் இருபத்தெட்டு வருஷம் கழித்துச் செய்யப்போகிற தப்புக்கு அவன் மேடையில் நின்று முழித்தான்.

“என்னவா இருக்கும்?” என்று நன்முகை அவனிடம் கேட்டாள்.

“நீ காரு ஓட்டக் கத்துக்கறேன்னு சொல்லியிருப்ப.”

“நான் நல்லாத்தான் ஓட்டுவேன்.”

“அதான்,” என்றான்.

காலையிலிருந்து ஊசி ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த முந்நூறு பேரும் இப்போது இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். மூன்று நிமிஷம் அது மூன்றிலேயே நின்றது. பிறகு தயங்கித் தயங்கி இறங்கி, பூஜ்யம் புள்ளி எட்டில் பழையபடி படுத்துக்கொண்டது. அப்போது எழுந்த கைதட்டலில் வெளியே கட்டியிருந்த மாடு மிரண்டதாகப் பிறகு சொன்னார்கள். நாச்சிமுத்துதான் முதலில் தட்டினார். தட்டிவிட்டு, “எலை போடுங்கப்பா, எல்லாரும் பசியில கெடக்கறாங்க,” என்றார். தானே முடிவு எடுத்தது மாதிரி.

ஒன்றரை மணிக்குச் சீட்டு வந்தது. தடையில்லை. வெற்றிலை பாக்குத் தட்டு மாறியது.

பந்தியில் பாப்பாத்தி நிறைமதியின் இலைக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றச் சொல்லிவிட்டு, “உன்ற ஊசி எத்தனை அம்மிணி?” என்று கேட்டாள்.

“அஞ்சு புள்ளி மூணுங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. “அப்ப எங்களையும் மிஞ்சிட்ட,” என்றாள் பாப்பாத்தி. நிறைமதியும் சிரித்தாள். ஆனால் உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் உண்மையைச் சொன்னோம், அதில் நம் வீட்டு எண்ணும் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருஷமாகக் கூடத்தில் மாட்டித் தூசி துடைத்த எண். சென்னியப்பனைத் தேடினாள். அவன் பந்தியில் இல்லை.

வேனில் உட்கார்ந்திருந்தான். அவள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

“சாப்புடலயா?”

“நெசந்தானா அது?” என்று கேட்டான். “சோலி இல்லாததுனாலதான் எறங்குதா? கூட்டத்துக்காகச் சொல்லலையே?”

“நெசந்தான். ஏன்? பூட்டச் சொன்னீங்களே, அதுக்கு வெக்கப்படறீங்களா?”

“நம்ம ஊசி எத்தனை புள்ள?”

“அஞ்சு புள்ளி மூணு. மாட்டி வெச்சிருக்கறமே.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “விடுங்க. சண்டைன்னு தெரிஞ்சுதான குடித்தனம் பண்றோம்.”

“அது நான் பூட்டுனது,” என்றான் சென்னியப்பன்.

நிறைமதி அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நாலாவது வருஷம் ஓடும்போதே படுத்துக்கிச்சு. பூஜ்யம் புள்ளி ஏழு. நான்தான மெக்கானிக்கு, உள்ள போயிப் பாத்தேன். சூடு இல்ல, கரண்டு நல்லா இருக்குது. காரணம் தெரியல. உங்கக்காவுக்கு ஆன மாதிரி ஆயிருமோன்னு பயம். அமுக்கிட்டேன். வெளிய வந்தா எல்லாரும் கை தட்டறாங்க. நீயும் தட்டுன.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. தெனமும் பயம்தான். மெஷினு என்னமோ பாத்திருக்குதுன்னு. நீ என்னை விட்டுட்டுப் போயிருவ, இல்லைன்னா நமக்கு என்னமோ ஆகும்னு. மூணாவது வருஷம் முடிஞ்சுது. நாலு வந்துது. அஞ்சு வந்துது. ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷமா இருக்குமோன்னு...” அவன் நிறுத்திக்கொண்டான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அதே சமயம் சிரித்துக்கொண்டும் இருந்தான். “சோலி இல்லாம தூங்கியிருக்குது அந்தக் கழுதை.”

நிறைமதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒன்பது வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பக்கத்திலேயே சோறு தின்றிருக்கிறான். அப்புறம் கோபம் போய் அவன் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது, என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“ஆனா மாமா, நாம தெனமும் சண்டை போடறமே,” என்றாள். “எறங்கியிருக்காதே. எப்புடி பூஜ்யம் புள்ளி ஏழு?”

“அதான் எனக்கும் தெரியல.”

“மெஷினு தப்பாக் கணக்குப் போட்டிருக்கும்.”

“மெஷினு தப்புப் போடாதுன்னு நீதான சொல்லுவ.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“வாரத்துக்கு நாலு தடவை சொல்ற.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனை எடுத்தான். நிறைமதி போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடினாள். என்ன சொல்வது, ஓசூர்க்காரரின் போன் நம்பரை இன்னும் வைத்திருக்கிறாயா என்று எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே காதில் வைத்தாள். மணி அடித்தது. அதற்குள் மண்டபத்து முக்கு வந்துவிட்டது.

“பைபாஸ்ல போலாம்,” என்றான் சென்னியப்பன். “எட்டு நிமிஷம்.”

“நெழலு,” என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. அவள் திறப்பதற்கு முன்பே வேன் வாய்க்கால் ரோட்டில் திரும்பியிருந்தது.